கரை கேட்காத பச்சை விளக்கு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ரேடியோவுக்கு எழுதுகிறேன் என்றால் வானொலி நிலையத்தில் நாடகம் எழுதுகிறேன் என்று நினைக்கிறார்கள். டிரைவருக்குக் கையேடு எழுதுகிறேன் என்றால் என் சொந்த அக்காவே, "எந்த ரூட்டு பஸ்ஸுடி?" என்று கேட்டாள். அதனால் ஒரே ஒருமுறை பொறுமையாக இங்கே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் என் மாமாவுக்குக் கடலில் நடந்தது புரியாது.

நகத்தளவு சில்லு ஒன்று இருக்கிறது. செல்போன் டவர் எட்டாத இடத்திலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னச் செய்தியை அது அனுப்பும். பாடாது, பேசாது. நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன் என்ற அளவுக்குத்தான் அதனால் சொல்ல முடியும். ஆனால் கைக்கடக்கமான ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வயலில் ஈரம் பார்க்கிற கருவி, தண்ணீர்த் தொட்டி, படகு என்று எங்கே வேண்டுமானாலும் அதை வைக்கலாம். அந்தச் சில்லை இயக்குகிற மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதை எழுதி விற்பது எங்கள் கம்பெனியின் பிழைப்பு. வாங்குகிறவர்கள் தங்கள் பெட்டிக்குள் அதை வைத்து 'எழு', 'அனுப்பு', 'கேள்', 'தூங்கு' என்று கட்டளை கொடுப்பார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன கொடுக்க வேண்டும், அது என்ன செய்யும், முடித்துவிட்டு என்ன பதில் சொல்லும் என்று எழுதுவது என் வேலை. புஸ்ஸி தெருவில் ஒரு மாடியில், ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் என் மேஜை.

நான் கொஞ்சம் முசுடு. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். யாராவது வந்து "இது இப்படித்தான் மேடம், அப்படியே எழுதிடுங்க" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு கட்டளையையும் என் மேஜையில் இருக்கும் சோதனைப் பலகையில் ஓட்டிப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். சரியாக நடக்கும்போது எப்படி நடக்கிறது என்று பார்ப்பது பெரிய விஷயமில்லை. கெட்டுப்போகும்போது எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

'அனுப்பு' கட்டளைக்கு வந்தபோது, இரண்டு பலகைகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று அனுப்பும், மற்றொன்று கேட்கும். அனுப்பினேன், கேட்டது, பூஜ்யம் என்று பதில் வந்தது. எங்கள் கணக்கில் பூஜ்யம் என்றால் குறையில்லை என்று பொருள். பிறகு கேட்கிற பலகையின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அது செத்துக் கிடந்தது. மறுபடியும் அனுப்பினேன். அதே பூஜ்யம். எனக்கு அது பிடிக்கவில்லை.

டிரைவரை எழுதியவன் விழுப்புரம் பக்கத்துப் பையன். வேலையில் கெட்டிக்காரன், வாயைத் திறந்து விளக்கம் சொல்லச் சொன்னால் மட்டும் மூஞ்சி சுருங்கிவிடும். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் ஒயரையே பிடுங்கிட்டேன். இன்னும் குறையில்லன்னு சொல்லுதே?"

"இந்தப் பக்கம் குறையில்லதான மேடம். ரேடியோ செய்திய காத்துல விட்டுடுச்சு. அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது."

"யாராவது கேட்டாங்களா?"

"அது ரேடியோவுக்கு எப்படி மேடம் தெரியும்? தெரியணும்னா அந்தப் பக்கத்துலேருந்து பதில் வாங்கணும். அதுக்கு தனியா 'கேள்' போட்டுக் காத்திருக்கணும். பேட்டரி தின்னும்னு யாரும் அத செய்ய மாட்டாங்க."

நியாயம்தான். கையேட்டில் இதைத் தெளிவாக எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். அன்று அது எனக்கு வெறும் வேலைதான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு ரெட்டியார்பாளையத்தில் வீட்டோடு முடங்கினார். அக்கா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் பைபர் படகு வைத்திருந்தவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அப்பா அவரோடு பேசாமலே கொஞ்ச காலம் இருந்தார். மாமா அதைப் பற்றிக் கவலையே படவில்லை. வாரம் தவறாமல் வீட்டு வாசலில் ஒரு பை நண்டை மாட்டிவிட்டுப் போவார். கடைசியில் நண்டு ஜெயித்தது. மாமா பிடித்து வருவதை அக்கா பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். அவள் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். எனக்கு இருக்கிற கோபம் அவளிடமிருந்து தொற்றியது என்றுதான் அம்மா சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மாமா கை கழுவிவிட்டு வந்து, ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டியை என் முன்னால் வைத்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு சின்ன விளக்கு.

"இன்னா பாப்பா, உங்க ஆபீசு சமாச்சாரம்தான? சோதனைக்குன்னு துறைமுகத்துல கொஞ்சம் பேருக்குக் குடுத்துருக்காங்க. கடல்ல எஞ்சின் நின்னா, காத்து அடிச்சா, இத அமுக்குனா போதும். இங்க ஐஸ் கம்பெனி மாடியில ஆண்டெனா வெச்சிருக்கான். எங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் டிரைவரை வாங்கிய கம்பெனி ஒன்றின் பெட்டி. மாமா பக்கவாட்டு சுவிட்சைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். விளக்கு பச்சையாக எரிந்தது.

"பாத்தியா? கரையில கேட்டுட்டான்."

"மாமா, இந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்னு யார் சொன்னாங்க?"

"பெட்டி குடுத்தவன்தான். பச்சை எரிஞ்சா கவலையில்லன்னான்."

அந்தப் பச்சை கரையின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கிய மறுகணம் எரிந்தது. எங்கள் பூஜ்யத்தை வாங்கி, அப்படியே விளக்கில் போட்டிருக்கிறார்கள். நான் ஒயரைப் பிடுங்கிய கதையைச் சொன்னேன். கேட்பவர் செத்துக் கிடந்தாலும் இந்த விளக்கு எரியும் என்றேன். மாமா சிரித்தார். போனை எடுத்து ஐஸ் கம்பெனி வாட்ச்மேனுக்குப் போட்டு, "அண்ணே, இப்ப நம்ம பொட்டிலேருந்து எதுனா வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்று அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"நீ பொஸ்தகத்துல எழுதறவ. நான் கண்ணால பாத்துட்டேன். அவ்ளோதான்."

"ஏங்க, அவ இன்னா சொல்றான்னு காதுலதான் வாங்குங்களேன்" என்றாள் அக்கா. அவர் வாங்கவில்லை. மீன் குழம்பு எப்படி என்று என்னிடம் கேட்டார்.

அந்த வீட்டில் அன்று நான் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம்தான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. தேங்காய்த்திட்டில் சின்னப் படகுக்காரர்கள் தனியாகப் போவதில்லை. ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிகிற தூரத்தில், துணைப் படகு என்று ஒன்றை வைத்துக்கொண்டுதான் போவார்கள். ஒருவர் எஞ்சின் நின்றால் மற்றவர் கயிறு கட்டி இழுத்து வருவார். இதில் ஒரு சங்கடமும் உண்டு. நண்டு எங்கே கிடைக்கிறது என்று துணைப் படகுக்காரருக்கும் தெரிந்துவிடும். பெட்டி வந்ததும் முதலில் போனது இந்தப் பழக்கம்தான். இனி துணை எதற்கு, பச்சை விளக்கு இருக்கிறதே என்று ஆளாளுக்குத் தனியாகத் தங்கள் இடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். மாமாவும் தன் பங்காளியோடு சேர்ந்து போவதை நிறுத்தியிருந்தார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

மறுநாளிலிருந்து 'தூங்கு' கட்டளையைப் பிடித்துக்கொண்டேன். படகுப் பெட்டி சும்மா இருக்கும்போது பேட்டரி மிச்சம் பிடிக்கத் தூங்கும். எங்கள் டிரைவரில் இரண்டு வகைத் தூக்கம் உண்டு. லேசான தூக்கத்தில் சில்லு தன் அமைப்பையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும். எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்பதெல்லாம். ஆழ்ந்த தூக்கத்தில் பேட்டரி இன்னும் மிச்சமாகும், ஆனால் எல்லாம் மறந்துபோகும். எழுந்ததும் யாராவது திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்காமல் 'அனுப்பு' என்றால் என்ன ஆகும் என்று பார்த்தேன். பிறந்தபோது இருந்த அலைவரிசையில், யாரும் காது வைக்காத இடத்தில், தன் செய்தியைச் சொல்லிவிட்டு, பூஜ்யம் என்று பதில் தந்தது. எதிர்ப்பலகை உயிரோடுதான் இருந்தது. அதற்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பையனை இழுத்து வந்து காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எழுப்பினதும் திரும்ப அமைக்கணும் மேடம். அது எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா யாருக்கு? நான் இன்னும் எழுதவே இல்லையே. அந்தப் பெட்டிக்காரனுக்கு யார் சொன்னது?"

அவன் தன் மெயிலைத் திறந்து காட்டினான். பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பிய கையேட்டின் அரைகுறைப் படியில், ஆழ்ந்த தூக்கத்துக்கு நேரே அவன் அவசரத்தில் தட்டியிருந்த ஒரே குறிப்பு, பேட்டரி அதிகம் மிச்சமாகும் என்பதுதான். பேட்டரி மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? துறைமுகத்தில் நின்று அமுக்கிப் பார்த்தால் பெட்டி நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அப்போதுதான் சுவிட்ச் போட்டு எழுந்திருக்கும், இன்னும் தூங்கி மறந்திருக்காது. கடலுக்குப் போய், நெடுநேரம் தொடாமல் வைத்திருந்து, ஆபத்து என்று தொடும்போதுதான் கெட்டுப்போகும். இதைவிட மோசமாக ஒன்று கெட்டுப்போக முடியுமா என்று யோசித்தேன். எனக்குத் தோன்றவில்லை.

எச்சரிக்கையை எழுதினேன். நாலே வாக்கியம். பூஜ்யம் வந்தால் ரேடியோ தன் வேலையை முடித்தது என்று மட்டும் கொள்ள வேண்டும். கரையில் யாரும் கேட்டதாகக் கொள்ளக் கூடாது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் பின் அமைப்புகளைத் திரும்பக் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. உயிர் காக்கும் கருவிகளில் மறுமுனையின் பதில் வராமல் பயனாளருக்கு நல்ல சேதி காட்டக் கூடாது. இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி வைத்தேன்.

எங்கள் முதலாளி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பழைய குடும்பத்துக்காரர். எதற்கும் முதலில் 'பொன்' என்பார், சரி என்பதற்குப் பிரெஞ்சில். அன்று நாலு வாக்கியத்தையும் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"பொன். எல்லாம் உண்மைதான். ஆனா முதல் பக்கத்துல இதப் பாத்தா எவன் வாங்குவான்? பின்னாடி, கடைசிப் பின்னிணைப்புல போட்டுடுங்க."

"சார், பின்னிணைப்ப யாரும் படிக்க மாட்டாங்க."

"படிக்கிறவன் படிப்பான்."

"இப்ப கடல்ல ஆள் இருக்கு சார். எங்க அக்கா புருஷன் இருக்காரு."

"பெட்டிக்காரங்களுக்கு நான் ஒரு மெயில் போடுறேன். அவங்க அடுத்த வெர்ஷன்ல பாத்துப்பாங்க. நீங்க பதறாதீங்க."

பதறாதீங்களாம்! நாற்காலியைத் தள்ளிய சத்தத்தில் கீழே டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்திருப்பார். பெட்டிக் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். பேசிய பெண் நல்ல பெண்தான், குறித்துக்கொண்டாள். பண்டிகை லீவு முடிந்து சம்பந்தப்பட்டவர் வந்ததும் கூப்பிடச் சொல்வதாகச் சொன்னாள். அக்காவுக்கும் போன் போட்டு, மாமா தனியாகப் போகாமல் பார்த்துக்கொள் என்று சொன்னேன். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே அவள், "நீ சொன்னத அப்படியே சொன்னேன்டி. அவ வேலைய அவ பாக்கட்டும், என் வேலைய நான் பாக்குறேன்னு சொல்லிட்டாரு" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. அக்கா குரல் இறங்கி நான் கேட்டது குறைவு.

மழைக்கால ஆரம்பம். வாடைக்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு ஏதும் இல்லை, ஆனால் காற்றில் ஒரு கனம் இருந்தது. அன்று காலை ஆபீசுக்குப் போனதும் வழக்கம்போல, ஐஸ் கம்பெனி மாடி ஆண்டெனாவுக்கு வந்த செய்திகள் ஓடும் திரையைத் திறந்தேன். சோதனைக்காக அதை எங்களுக்கும் திறந்து வைத்திருந்தார்கள். மாமாவின் பெட்டி விடியலில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது ஒரு செய்தி அனுப்பியிருந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் தூங்குகிறது. அது சாதாரணம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் ஜன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டது. கீழே தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காற்றில் உருண்டு போனது.

அக்கா போன் போட்டாள். "மத்த போட்டெல்லாம் வந்துடுச்சு. அவர இன்னும் காணம். போன் போகல. உன் மிஷின்ல எதுனா தெரியுதா?"

"தனியாவா போனாரு?"

"பங்காளிய கூட அனுப்பலாம்னு பாத்தேன், அவருக்குக் காய்ச்சல். நின்னுடுங்கன்னு கால்ல விழாத கொறை. பொட்டிய காட்டி, இது இருக்குதில்லன்னுட்டுப் போனாரு."

என் திரையில் முகத்துவாரத்துச் செய்தி மட்டும் அப்படியே இருந்தது. பையன் என் பின்னால் வந்து நின்றான். இங்கிருந்து பெட்டியைக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். மறந்துபோன பெட்டிக்கு நாம் கூப்பிடுவதும் கேட்காது என்றான். அது பிறந்த அலைவரிசையில் நாம் போய்க் கேட்டால் என்ன என்றேன். அவன் ஓடிப்போய் ஒரு பலகையை அந்த அலைவரிசைக்கு மாற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான். அந்த அலைவரிசைக்கான ஆண்டெனா எங்களிடம் இல்லை, பெட்டியிலும் இல்லை; அது இல்லாமல் செய்தி அவ்வளவு தூரம் எட்டாது. காற்று அவன் தலைமுடியைக் கலைத்தது, திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. "மேடம், அவரு அமுக்கிக்கிட்டேதான் இருப்பாரு" என்றான். அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

துறைமுகத்துக்குப் போனபோது ஏலம் முடியும் நேரம். ஈரத் தரையில் ஐஸ் துண்டுகள், மீன் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பும் ஆட்டோக்கள், கூடைகளை அலசிக் கவிழ்க்கும் பெண்கள். அக்கா படிக்கட்டு ஓரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தாள். விரல் நோகிற பிடி. வருகிறவரிடமெல்லாம் மாமாவைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியாக, மீனை விற்றுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர் எழுந்து வந்தார்.

"அவரா? பாத்தனே. வெளியில, தெக்கால நின்னுக்கினு இருந்தாரு. எஞ்சின் மக்கர். கயிறு போடட்டான்னு கிட்டயே போனேன்."

"போட்டீங்களா?" என்றாள் அக்கா.

"வேணாம்னுட்டாரு. பொட்டிய தூக்கிக் காட்டி, பச்சை எரிஞ்சிடுச்சு, கரையிலேருந்து ஆள் வருது, உனக்கு ஏலம் போயிடும், நீ போன்னாரு. எனக்கப்புறம் இன்னொரு போட்டையும் அப்படித்தான் அனுப்பி வெச்சாரு போல." எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "யாரும் போவலியா?"

யாரும் போகவில்லை. யாருக்கும் தெரியாது. என் வாயிலிருந்து இதைச் சொன்னேனா, அவரே புரிந்துகொண்டாரா, ஞாபகமில்லை. டீ கிளாசைத் தரையிலேயே வைத்துவிட்டு, "அய்யோ, இழுத்துக்கினு வந்திருப்பனே" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். உதவி கிடைக்காமல் இல்லை. உதவி பக்கத்தில் வந்து கயிற்றோடு நின்றது. அடுத்தவன் மீன் கெட்டுவிடக் கூடாதே என்ற நல்ல மனசில், ஒரு பொய் விளக்கை நம்பி, அவரே அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் எழுதிய நாலு வாக்கியமும் ஒரு கோப்பின் கடைசியில், யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. அவற்றை முதல் பக்கத்திலிருந்து தூக்கிய மனிதரை அந்த நேரத்தில் நான் சபித்தேன். அவருடைய ஏழு தலைமுறையையும் சேர்த்துச் சபித்தேன். இப்போதும் அதை வாபஸ் வாங்கவில்லை.

படகுகள் தேடப் போயின. அவரை விட்டு வந்த படகுக்காரரே முன்னால் போனார். சொன்ன இடத்தில் மாமா இல்லை. காற்றும் நீரோட்டமும் தெற்கே தள்ளியிருக்கும் என்றார்கள். கடலோரக் காவல்படைக்கும் சொன்னோம். இருட்டியபோது அலை பெரிதாகிவிட்டது, தேடப் போனவர்களே திரும்ப வேண்டியதாயிற்று. அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போனேன். சேதி கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கடலூர்ப் பக்கத்துப் படகு ஒன்று அவரைக் கண்டுபிடித்தது. கவிழாமல், எஞ்சின் ஓடாமல், தெற்கே வெகுதூரம் போயிருந்தார். தேடச் சொல்லிப் போன் வழியாகக் கரை நெடுகப் போன சேதியால்தான் அந்தப் படகுக்காரர்கள் கண்ணை வைத்திருந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, உயிரோடு வந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஒருநாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போனால் அங்கே கூட்டம். மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஆரஞ்சுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது இல்லன்னா நான் இல்ல. அமுக்குவேன், பச்சை எரியும். சரி, கேட்டுட்டாங்க, வந்துடுவாங்கன்னு தெம்பு வரும். அல தூக்கித் தூக்கி அடிக்குது, குதிச்சி நீந்திப் பாக்கலாமான்னு வேற புத்தி போவுது. திரும்ப அமுக்குவேன். பச்சை. கடைசியில வந்தாங்களா இல்லியா?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதேபோல் தனக்கும் ஒன்று வாங்கித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார், நான் அந்த ஆபீஸ்தான் என்பதால். அன்றும் அந்தப் பெட்டிகளோடு படகுகள் தனித்தனியாகக் கடலில் இருந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கூட்டத்தின் முன்னால் அவரை அவமானப்படுத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன்.

அவர்கள் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, கரையில ஒண்ணும் கேக்கல."

"எது கேக்கல?"

"நீங்க கடல்ல அமுக்குனது எதுவும். காலையில முகத்துவாரத்துல அனுப்புனது மட்டும்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட வரல. நீங்க திருப்பி அனுப்புன போட்டுக்காரர் ஏலத்துல சொன்னாரு, அப்பதான் எங்களுக்குத் தெரியும். அவரு சொல்லலன்னா யாரும் தேடியே வந்திருக்க மாட்டாங்க."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். "பச்சை எரிஞ்சுது பாப்பா."

"எரியும் மாமா. யாருமே இல்லன்னாலும் எரியும்."

பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து அந்தத் தெம்பு இறங்குவதை நான் பார்த்தேன். கடலில் இருந்த ராத்திரியில்கூட அவர் அப்படி இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்த ராத்திரி முழுக்கத் தான் தனியாக இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா அடுப்பங்கரையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். மடியிலிருந்த பெட்டியைக் கையால் மூடிக்கொண்டார்.

"உனக்குத் தெரியும்ல?" என்றார். "நான் உயிரோடதான் இருக்கேன்னு. உனக்கு வந்து சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சிதான் விடாம அமுக்குனேன். நீ பயந்துக்கினு இருப்பியேன்னு, கை வலிக்க வலிக்க, அதுக்குன்னுதான் அமுக்குனேன்."

அக்கா ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "விடியறதுக்குள்ள நான் உங்கள அழுது முடிச்சிட்டேன்."